ஓம், பூட்டிட்டன்

கல்முனைப் பிரதான வீதியில் ஒரு பதாகை தொங்குகிறது. தலைக்கவசம் போட்ட ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறான். அவனுக்குப் பின்னால் குழாய்களும் தாங்கிகளும். ‘இரசாயன ஆலையில் புரொசஸ் ஒப்பரேட்டர் ஆகுங்கள், குறுகிய காலப் பயிற்சி, வெளிநாட்டில் நிச்சய வேலை’ என்று கீழே எழுதியிருக்கிறது. அவன் தலைக்கவசத்தைப் பின்பக்கம் முன்னாகப் போட்டிருக்கிறான். படம் பிடித்தவருக்கும் அது தெரியவில்லை, பயிற்சி நடத்துகிறவர்களுக்கும் தெரியவில்லை.

அது தொங்கிய நாள்முதல் அஸர் தொழுகை முடிந்ததும் என் வீட்டு வாசலில் செருப்புகள் சேர்ந்துவிடுகின்றன. சாய்ந்தமருதில் இந்த வேலை பார்த்து ஓய்வுபெற்று வந்தவன், அவர்கள் விசாரித்த அளவில், நான் ஒருவன்தானாம்.

“காக்கா, இது என்ன மாதிரி வேல?”

“பைப்பத் திறக்கிற, பூட்டுற வேல.”

“அவ்வளவுதானா?”

“எந்த நேரம் திறக்கிற, எந்த நேரம் பூட்டுற எண்டதுக்குத்தான் சம்பளம்.”

இப்படிச் சொன்னால் நான் தொழிலை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கடைசியில் பயிற்சி நிலையத்தின் பணிப்பாளரே வந்தார். நல்ல தம்பி, வாசனை பூசிக்கொண்டு வந்திருந்தார். திறப்பு விழா மலருக்கு என்னிடம் ஓர் அனுபவக் கட்டுரை வேண்டுமாம். “பொடியன்மாருக்கு உற்சாகம் வாற மாதிரி எழுதுங்க மாமா. கஷ்டமான விசயங்களச் சுருக்கிக்கலாம்” என்றார். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உற்சாகம் வருமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

இந்த வேலைக்கு நான் வந்த வழியை முதலில் சொல்கிறேன். உயர்தரப் பரீட்சையில் நான் இரசாயனவியலில் சித்தியடையவில்லை. அந்தத் தகுதியோடு சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலையில் சேர்ந்தேன். நெல்லைத் தொட்டியில் ஊறப்போடுவது, உமி எரித்துக் கொதிகலனில் நீராவி எழுப்பி அவிப்பது, சீமெந்துத் தளத்தில் பரப்பிக் காயவைப்பது, சாம்பலை வாரி வெளியே கொட்டுவது என்று மூன்று வருடம் போனது. வாப்பா மௌத்தாகிவிட்டார். எனக்குக் கீழே மூன்று தங்கைகள். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் அவளுக்குச் சீதனமாகக் கொடுக்கும் வீட்டைப் பார்ப்பார்கள். குணத்தைப் பிறகு பார்ப்பார்கள், வீட்டுக்குக் கூரை இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். மூத்த தங்கை நபீஸாவுக்கு வாப்பா தொடங்கிய வீடு ஜன்னல் மட்டத்தில் நின்றுபோயிருந்தது. பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் எழுந்து போயின.

அந்த நேரத்தில்தான் சவூதியில் ஓர் இரசாயன ஆலைக்கு ஆள் எடுப்பதாகக் கல்முனையில் ஏஜென்சிக்காரர் ஒருவர் சொன்னார். வேலையின் பெயர் புரொசஸ் ஒப்பரேட்டர். அனுபவக் கடிதம் கட்டாயம். நான் ஆலை முதலாளி ஹாஜியாரிடம் போனேன்.

“என்ன எழுதணும் மனே?”

“நான் புரொசஸ் ஒப்பரேட்டர் எண்டு எழுதணும் ஹாஜியார்.”

“அப்படியெண்டா என்ன?”

“எனக்குத் தெரியா.”

“எனக்கும் தெரியா. அப்ப அது பொய்யெண்டு சொல்ல ஏலாதே” என்று சொல்லிக் கையெழுத்து வைத்த வெற்றுத் தாளைத் தந்தார்.

அதை நீதிமன்றத்துக்கு முன்னால் தட்டச்சு அடிக்கும் மாஸ்டரிடம் கொண்டுபோனேன். அவர் என்னிடம் வேலையைக் கேட்டுக் கேட்டு ஆங்கிலத்தில் அடித்தார். நெல்லை ஊறப்போடுவது ‘முதலாம் கட்டத் திரவப் பதப்படுத்தல்’ ஆயிற்று. அவிப்பது ‘உயர் அழுத்த நீராவிப் பகுதி’ ஆயிற்று. சாம்பல் அள்ளுவது ‘கழிவு முகாமைத்துவம்’. எல்லாம் நான் செய்த வேலைதான், ஒன்றையும் அவர் கூட்டிச் சொல்லவில்லை. நெல் என்ற சொல் மட்டும் கடிதத்தில் எங்கும் இல்லை.

நேர்முகம் கொழும்பில். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாம் டிப்ளோமா கோப்புகளோடு போனார்கள். உள்ளே இருந்த வெள்ளைக்காரர் என் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஆலையில் வாயு கசிகிறது, மணி அடிக்கிறது, நீ முதலில் என்ன செய்வாய்? எனக்கு முன்னால் போனவர்கள் மேலதிகாரிக்கு அறிவிப்பேன், முகமூடி போடுவேன், தீயணைப்புப் படையைக் கூப்பிடுவேன் என்று ஒப்பித்திருந்தார்கள். சம்மாந்துறையில் நான் சாம்பலை வாரும்போது கச்சான் காற்று அடித்தால் சாம்பல் முழுவதும் அடுத்த வளவு சுலைகா ராத்தாவின் கொடித் துணியில் போய் விழும். அவ வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து என் ஏழு தலைமுறையையும் இழுப்பா. அதனால் மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பது எனக்குப் பழக்கம். வாயில் வந்ததைச் சொன்னேன்: “சேர், விண்ட் எந்தப் பக்கம் எண்டு பார்ப்பேன்.”

வெள்ளைக்காரர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். காலையிலிருந்து அவர் எதிர்பார்த்த பதில் அதுதானாம். அன்று மாலையே தெரிவாகிவிட்டேன். சுலைகா ராத்தாவின் வாய்க்கு நான் காலமெல்லாம் கடமைப்பட்டவன்.

பயிற்சி ஆறு மாதம். எதையும் முகர்ந்து பார்க்காதே, ஈரமாக இருப்பதெல்லாம் தண்ணீர் என்று நினைக்காதே, அமைதியாக இருக்கும் குழாயை நம்பாதே. மீதியெல்லாம் இந்த மூன்றின் விரிவுரைதான்.

என்னை உண்மையில் ஒப்பரேட்டராக்கியவர் குரியாக்கோஸ் சேர். கேரளாக்காரர், எங்கள் ஷிஃப்டின் பொறுப்பாளர். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் சிவப்பு, நீலம் என்று இரண்டு பேனை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு வேலையை முடித்துவிட்டேன் என்று போய்ச் சொன்னால், “பறயண்டா. காணிச்சு தா” என்பார். சொல்லாதே, காட்டு என்று அர்த்தம். எண்ணெய் விட்டேன் என்றால் எண்ணெய் மட்டக் கண்ணாடியைக் காட்ட வேண்டும். வடித்துவிட்டேன் என்றால் வடிகுழாய்க்குக் கீழே அவரைக் கூட்டிப்போய் நிறுத்த வேண்டும். வெயிலில் அவரும் நம்மோடு நடப்பார், அதனால் கோபிக்கவும் முடியாது. காட்டிய பிறகு நீலப் பேனையால் எழுதுவார். காட்ட முடியாததைச் சிவப்பால் எழுதுவார். என் பெயருக்கு எதிரே முதல் வருடத்தில் சிவப்பு நிறைய இருந்தது.

அங்கே நாங்கள் கையாண்டது கோஸ்டிக் சோடா, சவர்க்காரத்துக்கும் அலுமினியத்துக்கும் போகும் காரம். சூடாகக் குழாயில் ஓடும், பார்வைக்குத் தண்ணீர்தான். தோலில் பட்டால் உடனே எரியாது. சவர்க்காரம் தேய்த்ததுபோல வழுக்கும். அப்படி வழுக்குவது நம்முடைய தோல்தான் என்று விளங்குவதற்குள் அது உள்ளே போயிருக்கும்.

அந்தக் காரத்தை அனுப்பும் பம்பு ஒன்றைத் திருத்தக் கழற்றுவதென்றால் ஓர் ஒழுங்கு உண்டு. பம்பை நிறுத்தி மின்சாரத்தை வெட்டுவிக்க வேண்டும். உள்ளே வரும் வால்வையும் வெளியே போகும் வால்வையும் மூட வேண்டும். இடையில் நிற்கும் காரத்தை வடித்து, தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பிறகு ஒவ்வொரு வால்வின் சக்கரத்திலும் சங்கிலியைக் கோர்த்து ஆமைப்பூட்டுப் போட்டு, சிவப்பு அட்டை கட்ட வேண்டும். திருத்த வருகிறவன் அந்தச் சங்கிலியைத் தன் கையால் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுமதிப் பத்திரத்தில் கையெழுத்து வைப்பான். அந்தச் சங்கிலிதான் அவன் உயிர்.

நான் போய் இரண்டு வருடம் ஆனபோது அந்தச் சம்பவம் நடந்தது. நபீஸாவின் வீட்டுக்குச் சுவர் எழும்பி முடிந்திருந்தது. கூரை பாக்கி. மாப்பிள்ளை வீட்டார் ஹஜ்ஜுப் பெருநாள் வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். என் வேலை போனால் கூரையும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. அதற்குக் கீழே இன்னும் இரண்டு பேர்.

பம்பைத் திருத்த வந்தவன் செல்வம். தூத்துக்குடிப் பக்கத்துப் பொடியன், நல்ல வேலைக்காரன், முகாமில் எனக்கு அடுத்த அறை. அன்று குரியாக்கோஸ் சேர் கூட்டமொன்றுக்குப் போயிருந்தார். நடுப்பகல். நான் இரண்டு வால்வையும் மூடி, வடித்து, கழுவி முடித்திருந்தேன். சங்கிலியும் ஆமைப்பூட்டும் கட்டுப்பாட்டு அறைக்குப் பக்கத்துக் களஞ்சியத்தில் இருந்தன. வெயிலில் நீண்ட நடை. செல்வம் ஸ்பானர் பெட்டியோடும் பத்திரத்தோடும் வந்தான்.

“அண்ணே, பூட்டியாச்சா?”

“ஓம், பூட்டிட்டன்” என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை, விசாரணையில் சொன்னபடியே இங்கே எழுதுகிறேன். நான் சங்கிலி எடுக்கப் போனேன். செல்வம் பத்திரத்தில் கையெழுத்து வைத்துவிட்டுக் குந்தியிருந்து பம்பின் ஆணிகளைத் தளர்த்தினான். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், வால்வுகள் இருக்கும் மேடையில், ரோமெல் என்ற பிலிப்பைன்ஸ்காரன் பக்கத்துப் பம்பை ஓடவிடுவதற்காக வந்தான். அவனுக்குச் செல்வம் தெரியவில்லை. இரண்டு பம்புக்குமுரிய வால்வுகள் மூடிக் கிடந்தன. எதிலும் சங்கிலி இல்லை, அட்டை இல்லை. இரண்டு பம்பும் ஓடத் தயாராக நிற்கின்றன என்று நினைத்து, இரண்டின் வால்வுகளையும் திறந்தான். அவன்மீது ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

சத்தம் கேட்டு நான் திரும்பி ஓடினேன். முகக் கவசம் போட்டிருந்ததால் செல்வத்தின் கண் தப்பியது. வலது கையும் கழுத்தும் நனைந்திருந்தன. ரோமெலும் நானும் அவனை இழுத்துக்கொண்டுபோய் அவசரக் குளியல் குழாய்க்குக் கீழே நிறுத்தினோம். அந்த ஊர் வெயிலில் குழாய்த் தண்ணீர் கொதிநீராகத்தான் வந்தது. அவன் வெளியே ஓடப் பார்த்தான். அதற்குள் ஓடிவந்த குரியாக்கோஸ் சேர் உடுப்போடு உள்ளே புகுந்து, அவனைப் பின்னால் கட்டிப்பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். கால் மணி நேரம் விடவில்லை. “அண்ணே, நீங்க பூட்டிட்டேன்னு சொன்னீங்களே” என்று செல்வம் என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டேயிருந்தான்.

இரண்டு நாள் கழித்து விசாரணை. பாதுகாப்புப் பகுதி மேலாளரான எகிப்துக்காரர் தலைமை. பக்கத்தில் குரியாக்கோஸ் சேர். மொழிபெயர்க்கச் சென்னையைச் சேர்ந்த எழுதுவினைஞர் ஒருவர். செல்வம் கையில் கட்டோடு வந்து, பூட்டியாயிற்று என்று இவர் சொன்னார் என்றான். நான் ஓம், அப்படித்தான் சொன்னேன், வால்வுகளை மூடியிருந்தேன், அதைத்தான் சொன்னேன் என்றேன். எகிப்துக்காரர் எழுதுவினைஞரைப் பார்த்தார்.

“பூட்டுன்னா திண்டுக்கல் பூட்டு சார். சாவி போட்டுப் பூட்டுறது. வேற அர்த்தமே கிடையாது” என்றார் அவர், தமிழுக்கே சொந்தக்காரர்போல.

எங்கள் ஊரில் நாங்கள் கடையையும் பூட்டுவோம், கதவையும் பூட்டுவோம், தண்ணீர்ப் பைப்பையும் பூட்டுவோம். கழற்றிய சைக்கிள் சில்லைத் திரும்பப் போடுவதும் பூட்டுவதுதான். சட்டைப் பொத்தானையும் பூட்டுவோம். இவை ஒன்றுக்கும் சாவி இல்லை. இதைச் சொன்னபோது எழுதுவினைஞர் சிரித்தார். எகிப்துக்காரர் என் கோப்பைத் தன் பக்கம் இழுத்தார். அதில்தான் ஹாஜியாரின் கடிதம் இருந்தது. கூரையில்லாத வீடு கண்ணுக்கு முன்னால் நின்றது.

“எங்கட ஊர்ப் பக்கத்து ஆள் ஒருத்தர் இருக்கார் சேர், அவரக் கேளுங்க” என்றேன்.

முகாம் சமையலறையில் இருந்த நேசராசாவைக் கூப்பிட்டார்கள். தம்பிலுவில் ஆள், எனக்கு மச்சான் முறை சொல்லிப் பழக்கம். அரைத்த மசாலாக் கூட்டுக் கையோடு வந்து, மூன்று அதிகாரிகளைக் கண்டதும் விறைத்துப் போனான். குரியாக்கோஸ் சேர் அவனைக் கைகழுவும் தொட்டிக்கு முன் நிறுத்தி, தண்ணீரைத் திறந்துவிட்டு, இதை நிறுத்தச் சொல்லி உன் தமிழில் ஒருவனிடம் எப்படிச் சொல்வாய் என்று கேட்டார். நேசராசா கையை உடுப்பில் துடைத்தான், தொண்டையைச் செருமினான், வானொலியில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிமிர்ந்து நின்றான்.

“தயவுசெய்து நீர்க்குழாயை மூடி விடவும்” என்றான்.

எழுதுவினைஞர் மேசையில் தட்டிச் சிரித்தார். அவனை அந்த இடத்திலேயே கொன்றிருப்பேன். அதிகாரிகள் முன்னால் நம்முடைய பேச்சு மரியாதையில்லாத பேச்சு என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் கரையில் எல்லோருக்கும் அது தானாகவே தெரியும்.

எங்களை வெளியே போகச் சொன்னார்கள். நேசராசா தலையைக் குனிந்துகொண்டு சமையலறைக்கு நடந்தான். நான் பின்னால் போனேன். தேநீர் குடிக்கவென்று குரியாக்கோஸ் சேரும் வந்தார். அவசரத்தில் கூப்பிட்டதால் அவன் சோற்றுத் தேக்சாவைக் குழாய்க்குக் கீழே விட்டுவிட்டு வந்திருக்கிறான். வாசலில் கால் வைத்தபோதே தண்ணீர் கணுக்கால்வரை நின்றது.

“ஓடு மச்சான், ஓடு, அந்தப் பைப்பப் பூட்டு” என்று கத்தினான்.

நான் ஓடிப்போய்த் திருகி நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தபோது குரியாக்கோஸ் சேர் தண்ணீருக்குள் சப்பாத்தோடு அசையாமல் நின்றார். “எந்தா பறஞ்ஞது?” என்று நேசராசாவைக் கேட்டார். அவன் மறுபடியும் நிமிர்ந்து, “தயவுசெய்து நீர்க்குழாயை” என்று தொடங்கினான். “அதல்ல. முன்ன பறஞ்ஞது” என்றார். நேசராசா பயந்து பயந்து சொன்னான். அவர் நீலப் பேனையை எடுத்துச் சமையலறைச் சுவரில் சாய்ந்துநின்று எழுதினார்.

விபத்துக்குக் காரணம் மொழி என்று முடிவாயிற்று. அந்த ஆலையில் அதற்குப் பிறகு வால்வைப் பற்றித் தமிழிலோ மலையாளத்திலோ பேசக்கூடாது. மூடினால் குளோஸ்ட், சங்கிலி போட்டால் லொக்ட் என்று இரண்டே சொல்தான். என்னை எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். செல்வம் சங்கிலியை இழுத்துப் பார்க்காமல் கையெழுத்து வைத்தவன். அதைவிட, அவன் விரல்கள் மடங்கவில்லை, ஸ்பானர் பிடிக்க ஏலாத ஃபிட்டரை யார் வைத்திருப்பார்கள்? ஒப்பந்தத்தை முடித்து அனுப்ப உத்தரவாயிற்று.

என் வாழ்க்கை அங்கிருந்துதான் ஏறியது. புதிதாக வருகிறவர்களுக்கு ‘மொழியால் வரும் ஆபத்து’ என்று வகுப்பெடுக்க என்னைத்தான் விட்டார்கள். கடை, கதவு, சைக்கிள் சில்லு, பொத்தான் என்று வரிசையாகச் சொல்வேன், சிரிப்பார்கள். நல்ல பயிற்றுநர் என்று பெயர் எடுத்தேன், மூத்த ஒப்பரேட்டரானேன், மூன்று தங்கைகளுக்கும் வீடு முடித்தேன். பெருநாளுக்கு முன்பே நபீஸாவின் கூரை ஏறியது.

விசாரணையில் சொல்லாததை இப்போது சொல்கிறேன். இரண்டு வருடம் நான் செல்வத்தின் அடுத்த அறையில் இருந்தவன். அவன் பேச்சில் கதவை மூடுவான், பைப்பை மூடுவான், கடையைக்கூட மூடுவான். அவன் பூட்டுவது தன் இரும்புப் பெட்டியை மட்டும்தான், சாவி போட்டு. பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவன் எந்தப் பூட்டைக் கேட்டான் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. அன்று நேசராசா தேங்காய்ப் பால் விட்டுப் பாரை மீன் பாலாணம் வைத்திருந்தான். பிந்திப் போனால் பருப்புதான் கிடைக்கும். இவன் ஆணி தளர்த்த எப்படியும் நேரம் எடுக்கும், தின்றுவிட்டு வரும் வழியில் சங்கிலியை எடுத்துவந்து போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சத்தம் கேட்டபோது நான் களஞ்சியத்துப் பாதையில் நிற்கவில்லை. சாப்பாட்டு அறைப் பாதையில் நின்றேன். குரியாக்கோஸ் சேர் என்னிடம் காணிச்சு தா என்று கேட்காத ஒரே நாள், நான் சங்கிலி எடுக்கப் போனேன் என்று சொன்ன நாள்தான்.

ஊருக்குப் போகிற அன்று காலையில் செல்வம் என் அறைக்கு வந்தான். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்திருந்தான். கட்டிலில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அண்ணே, உங்க ஊர்ல மூடுறதத்தான் பூட்டுறதுன்னு சொல்வீங்களாமே. குரியாக்கோஸ் சார் சொன்னாரு. எனக்கு அது தெரியாமப் போச்சு. அத்தன பேர் முன்னாடி உங்களப் பொய் சொன்ன ஆள் மாதிரி ஆக்கிட்டேன். மன்னிச்சிருங்கண்ணே.”

கண் கலங்கியிருந்தது அவனுக்கு. நான் எழுந்து அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டேன்.

“பரவாயில்ல தம்பி, நான் ஒண்டும் மனசுல வெச்சிக்கல” என்று சொல்லி, அவனை மன்னித்து அனுப்பினேன்.